நம் வீட்டு லைனை நான் ஏன் மாற்றினேன்

கண்ணு,

முதலிபாளையத்தில் நீ திறக்கப்போகும் இரண்டாவது ஆபீசின் அழைப்பிதழை நேற்று உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். தட்டில் பூ, பழம், வெற்றிலை என்று எல்லாம் முறையாக இருந்தன. நீ மட்டும்தான் இல்லை. குத்துவிளக்கு ஏற்றுபவர் என்று என் பெயரை அச்சடித்திருக்கிறாய். புரட்டாசியில் கோபித்துக்கொண்டு போனவன் தீபாவளிக்கு வாசல்வரை வந்தும் காரை விட்டு இறங்கவில்லை. அப்படிப்பட்டவன் இதை அச்சகத்துக்குக் கொடுத்தபோது என்ன நினைத்திருப்பான் என்று நேற்று முழுவதும் யோசித்தேன். கேட்டால் நீ சொல்லமாட்டாய். எனக்கும் நேரில் பேசினால் குரல் உயர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. உன் சித்தி படிக்கலாம், உன் ஆபீசில் இருப்பவர்கள் படிக்கலாம், நம் உறவில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம் வீட்டுச் சுவரில் வேறொருவனுடைய ஒயர் எப்படி வந்தது என்று ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நடந்தது என்னவென்று நானே சொல்லிவிடுவது நல்லது.

எதிர்வீட்டு ஹாஜிராவிடம் இருந்து ஆரம்பித்தது இது. அவள் வீட்டுக்காரர் காதர்பாய், பழுதென்று கம்பெனிகள் ஒதுக்கும் செகண்ட்ஸ் பனியனை வாங்கி விற்றவர். அவரும் உன் அப்பாவும் இருபது வருடம் ஒரே டீக்கடையில் நின்றவர்கள். ஆவணி மாதம் ஒருநாள் ஹாஜிரா கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். "ஏனுங்க்கா, இதுல என்னவோ இங்கிலீசுல போட்டிருக்குதுங்க. பேரன் ஊர்ல இல்ல. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்றாள். உன் கம்பெனியின் பில்தான் அது. நம் வீட்டுக்கு நீ இலவசமாக இன்டர்நெட் லைன் போட்டுக் கொடுத்திருந்ததால் உன் பில் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று மேலே பெரிதாக இருந்தது. அதன் கீழே ரூட்டர் வாடகை ஐம்பது, லைன் பராமரிப்பு எழுபத்தைந்து. இவற்றின்மேல் வரி. அடியில் எழுநூற்று முப்பத்தாறு. கோயமுத்தூர் கான்வென்ட்டில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர், கூட்டலைச் சரிபார்க்காமல் அடியில் இரட்டைக் கோடு போட்டால் நோட்டைத் திருப்பி வீசுவார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. கூட்டலில் நீ தப்புச் செய்யமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். "வரி அரசாங்கத்துக்குப் போறது, அதை விடு. இந்த வாடகையும் பராமரிப்பும் போடும்போது சொன்னாங்களா?" என்று ஹாஜிராவைக் கேட்டேன். நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல அவள் பார்த்தாள். "தம்பி போடறது, அதுல என்னங்க்கா கேக்கறது? நான் ஒண்ணும் அதுக்காக வரலீங்க. தேதி எதுன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்" என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு மனம் அடங்கவில்லை. மற்ற இடங்களில் என்ன வாங்குகிறார்கள் என்று தெரியாமல் உன்னைக் குறைசொல்லக் கூடாது அல்லவா? ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். மாத விலை, வரி, லைன் போடும் கூலி, ரூட்டர் யாருடையது, முன்பணம், ஆறு மாதம் கழித்து விலை ஏறுமா, நடுவில் நிறுத்தினால் என்ன பிடிப்பார்கள் என்று ஏழு கேள்விகள். நம் மண்ணரையில் உன்னைப்போலச் சொந்தமாக லைன் கொடுப்பவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிக் கேட்டேன். பழைய பஸ் ஸ்டாப் பக்கம் இருக்கிறவன் நானூற்றைம்பது என்றான். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. ஆறு மாதப் பணத்தை முன்னால் கட்டவேண்டும், ஏழாவது மாதத்தில் இருந்து அறுநூற்றைம்பது, நடுவில் நிறுத்தினால் கட்டியது வராது. "இதையெல்லாம் ஏன் முதல்ல சொல்லல?" என்றேன். "கேட்டாச் சொல்லுவோங்கம்மா" என்றான்.

இன்னொருவன் பள்ளிவாசல் தெருவில் மாடியில் ஒரே ஒரு அறையில் ஆபீஸ் வைத்திருக்கிறவன். அவனுடைய சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, தமிழில். ஐந்நூற்று அறுபது, வரியோடு அறுநூற்று அறுபத்தொன்று. ரூட்டரை நாமே ஒருமுறை வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் இல்லை. நான் நம்பவில்லை. "சொந்தக்காரங்களுக்கு எவ்வளவு?" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "எங்க மாமியாருக்கும் இதேதானுங்கம்மா. அவங்க இன்னும் எங்கூடப் பேசறதில்லீங்க" என்றான். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குச் சிரித்தேன்.

கடைசியில் உன் ஆபீசுக்கும் போன் செய்தேன். எடுத்த பெண்ணுக்கு என் குரல் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை; யாரென்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "நானூத்தித் தொண்ணூத்தொம்பது ப்ளஸ் டேக்ஸுங்க மேடம்" என்றாள். ரூட்டர் வாடகை உண்டா என்றேன். "அது போடறதுதாங்க. நீங்க கேக்கறதால எடுத்துடலாங்க." பராமரிப்பு? "அதுவும் எடுத்துடலாங்க மேடம்." லைன் போடும் கூலி? "உங்களுக்கு ஃப்ரீயாவே பண்ணிக்கலாங்க." ஆகமொத்தம் ஐந்நூற்று எண்பத்தொன்பது. அதையும் கட்டத்தில் எழுதினேன். யாரென்றே தெரியாத ஒருத்திக்கு ஐந்நூற்று எண்பத்தொன்பது. உன்னைத் தூக்கி வளர்த்த ஹாஜிராவுக்கு எழுநூற்று முப்பத்தாறு.

அன்று மாலையே உன் சித்தி வீட்டுக்குப் போனேன். எனக்கு ஓரகத்தி என்றாலும் கூடப்பிறந்தவள் மாதிரிதான் அவள். அவளுடைய பில்லை வாங்கிப் பார்த்தேன். அங்கேயும் எழுநூற்று முப்பத்தாறு. நாலு வருடமாகக் கட்டுகிறாள். "ஏன் கண்ணு, என்ன ரேட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?" என்றேன். அடுப்பில் இருந்து திரும்பி என்னை முறைத்தாள். "அக்கா, உங்களுக்கு என்னாச்சுங்க? நம்ம பையன்கிட்டப் போயி ரேட்டுக் கேக்கறதா? நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாங்க? பணத்துக்கு நாதியில்லாம போயிட்டமா நாம?" அதோடு விட்டாளா? "நீங்க பில்லு கட்டாம ஓசியிலதானே ஓட்டறீங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த விசாரணை?" என்றும் கேட்டாள். அவள் சொன்னது சரிதான். வீட்டுக்கு வரும்வரை எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

நம் பக்கத்துப் பழக்கம் உனக்குத் தெரியும். உறவுக்காரன் கடை வைத்தால் அங்கேதான் வாங்குவோம். வாங்கும்போது விலை கேட்கமாட்டோம். கேட்டால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். அவன் சொல்வதைக் கொடுத்துவிட்டு, "வியாபாரம் நல்லாப் போவுதுங்களா?" என்று கேட்டுவிட்டு வருவோம். இந்த மரியாதையை நான் குறைசொல்லவில்லை. உன் முதல் நூறு கனெக்‌ஷன் இந்த மரியாதையில்தான் வந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுவிட்டு, கேபிள் டி.வி. நடத்திய நண்பனோடு சேர்ந்து நீ கயிறும் ஏணியுமாகத் தெருவில் நின்றபோது, முன்னால் வந்தவர்கள் எல்லாரும் நம் ஆட்கள்தான். அந்த நம்பிக்கைக்குத்தான் மாதம் நூற்று நாற்பத்தேழு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டிருக்கிறாய். வெளியாள் பேரம் பேசுகிறான், அவனுக்குக் குறைகிறது. நம் ஆள் வாயைத் திறப்பதில்லை, அவனுக்கு ஏறுகிறது.

மறுநாள் பள்ளிவாசல் தெருக்காரனிடம் லைன் எடுத்தேன். விலையைப் பார்த்து நான் போகவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். கேட்கத் தெரிந்த எனக்கு உன்னுடையதுதான் குறைவு. கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் ஒரே தாள் ஒட்டியிருந்ததால் போனேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் செய்தது தப்பு. ஆனால் சொல்லியிருந்தால் நீ "சரி விடும்மா, ஹாஜிராத்தைக்குக் குறைச்சுடறேன்" என்று அத்தோடு முடித்திருப்பாய். எனக்கு அது போதாது.

புரட்டாசியில் நீ வந்த நாள் நம் இரண்டு பேருக்கும் மறக்காது. வெளிச் சுவரில் புது ஒயரைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினாய். "ஏம்மா, இதென்னம்மா கேவலம்? பெத்த அம்மாவே எம்பட லைன் வேண்டாம்ங்கறான்னு ஊரே சிரிக்குது. முதலிபாளையத்துல ஆபீஸ் போடறதுக்கு லோன் கேட்டு நிக்கறேன். பேங்குல இருக்கறவன் எங்காதுபடவே பேசறான். உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?" நான் ஹாஜிராவின் பில்லைச் சொன்னேன். சித்தியின் பில்லைச் சொன்னேன். உன் ஆபீஸ் பெண் எனக்குச் சொன்ன விலையையும் சொன்னேன். நீ தலையைத் திருப்பி ஒயரைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "அவங்க யாரும் கேக்கலையேம்மா." அதைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

கண்ணு, அன்று உன்னை நான் அப்படியே போகவிட்டதற்குக் காரணம் கோபம் இல்லை. அது என்னுடைய வாக்கியம். உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம், எனக்கு இருக்கிறது. அப்போது உனக்குப் பத்து வயது. நம் பனியன் கம்பெனியில் பதினாலு தையல் மிஷின் ஓடியது. உன் அப்பா ஆர்டர் பிடிக்க அலைவார். ஆட்கள், பீஸ் ரேட், வாரச் சம்பளம் எல்லாம் என் பொறுப்பு. நான் ரேட் நோட்டு எழுதும் மேஜையின் மறுமுனையில் நீ வீட்டுப்பாடம் எழுதுவாய். பனியனில் பிசிறு வெட்டுகிற பெண்களில் பாப்பாத்தி என்று ஒருத்தி இருந்தாளே, மூலனூர்ப் பக்கம் அப்பாவின் ஊர்க்காரி. அவள் கையில் கத்தரிக்கோல் போகும் வேகத்தை நீ வாயைப் பிளந்து பார்ப்பாய். மதியம் தன் தூக்குப் போசியில் இருந்து உனக்குக் கம்பஞ்சோறு உருட்டிக் கொடுப்பாள். அந்த வருடம் தெற்கில் இருந்து சில பெண்கள் வேலைக்கு வந்தார்கள். வந்த அன்றே ஒருத்தி என் மேஜைக்கு முன்னால் நின்று, "பீசுக்கு எம்புட்டுத் தருவீக? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள். பேரம் பேசி ஐந்து பைசா ஏற்றி வாங்கிக்கொண்டாள். அவளோடு வந்தவர்களுக்கும் அதுவே. பாப்பாத்திக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கும் பழைய ரேட்டையே எழுதினேன்.

நீ நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பாப்பாத்தியக்காதானே நெறைய வெட்டறாங்க? அவங்களுக்கு மட்டும் ஏன் கம்மி?" என்று கேட்டாய். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னேன்: "அவ கேக்கலையே கண்ணு."

அவ்வளவுதான். நீ மறுபடி கணக்கு எழுதப் போய்விட்டாய். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதைவிட வீட்டில் போகிறபோக்கில் சொல்வது நன்றாகப் பதிந்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. என் கூட்டல் என்றும் பிசகியதில்லை என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை! கூட்டுவதற்கு முன்னால் எந்த எண்ணை எழுதுகிறோம் என்பதை நான் யோசித்ததே இல்லை. சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் பேசிக்கொண்டதில் பாப்பாத்திக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்றாள். சண்டை போடவில்லை, யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். "பெரிய ரோசக்காரியாட்ட இருக்குது" என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு வேறு ஆளைப் போட்டேன். அப்பா மட்டும், "ஏத்திக் குடுத்திருக்கலாமில்ல?" என்று ஒருமுறை கேட்டார். அவருக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

ஆகையால் புரட்டாசியில் உன்னைக் குற்றவாளி ஆக்கும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் போட்ட கட்டத்திலும் ஒரு குறை இருந்தது. ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம் நம் தெரு மரக்கிளை ஒடிந்து விழுந்து எல்லார் வீட்டு ஒயரும் அறுந்தது. இரண்டு மணி நேரத்தில் நீயே வந்துவிட்டாய். உன் லைன்மேன் ஏணியைப் பிடிக்க, மழையோடு கம்பத்தில் ஏறி ஹாஜிரா வீட்டு லைனைப் போட்டாய். அவள் பேரனுக்கு அன்று ஏதோ ஆன்லைன் பரீட்சை. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கை பரபரத்தது. நீ கம்பத்தின் மேலே இருந்தே குரல் கொடுத்தாய். "அம்மா, உங்க லைனும் போயிருச்சு. உங்க ஆளுக்கு போன் பண்ணுங்க. தாள்ல நம்பர் போட்டிருப்பானில்ல?" தெருவே சிரித்தது. "பண்ணிட்டேன், பண்ணிட்டேன். நீ வழுக்கி உழுகாம எறங்கு" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். "வேணும்னா நானே ஒட்டி உடறேன்" என்றாய். "ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

என் ஆள் வந்தது நாலாம் நாள். மண்ணரை முழுக்க அவனுக்கு இரண்டே லைன்மேன்கள். ஏழு கேள்வி கேட்டவள், அறுந்தால் யார் வருவார்கள், எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்று எட்டாவதாக ஒன்று கேட்கவில்லை. மூன்று நாள் பேத்தி முகத்தை வீடியோவில் பார்க்காமல், சப்பாத்திக்கு மாவு பிசைவதுபோல ரூட்டரை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்தத் தாளில் எட்டாவது கட்டம் போட்டிருக்கிறேன். அதில் மூன்று பேரில் நீதான் முதல். இதை எழுதும்போது ஒரு தாயாக எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. நல்ல வேலை செய்கிறவன் ஏன் கண்ணு பின்வாசல் வழியாகக் காசு வாங்க வேண்டும்? ஐந்நூற்று எண்பத்தொன்பது கட்டாது என்றால் அறுநூற்றைம்பது என்று போடு. இரண்டு மணி நேரத்தில் ஆள் வரும் என்று அதன் பக்கத்திலேயே எழுது. நான் கொடுப்பேன். சித்தியும் கொடுப்பாள். உன் வேலைக்கு அந்த விலை தகும்.

கார்த்திகையில் ஹாஜிரா மறுபடியும் பில்லோடு வந்தாள். "அக்கா, ஏதோ குறைஞ்சிருக்குதுங்க. தம்பி தப்பாப் போட்டுட்டாரோ என்னமோ, அவருக்கு நட்டமாகிடப் போவுதுங்க. கொஞ்சம் பாருங்க" என்றாள். வாடகை இல்லை. பராமரிப்பு இல்லை. அடியில் ஐந்நூற்று எண்பத்தொன்பது. நான் பேனாவை எடுத்து அதன் கீழே இரட்டைக் கோடு போட்டுக் கொடுத்தேன். நீ என்னிடம் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது. மறுநாள் சித்தியின் பில்லைப் பார்க்கப் போனேன். அது எழுநூற்று முப்பத்தாறாகவே இருந்தது. நான் சண்டை போட்ட ஒரு வீட்டுக்கு மட்டும் குறைத்திருக்கிறாயா, அல்லது ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருக்கிறாயா? எனக்குத் தெரியவில்லை. வந்துகொண்டிருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது வேறொன்று. மார்கழி பிறந்ததும் நான் பாப்பாத்தியைத் தேடிக்கொண்டு போனேன். இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று கேட்காதே. நீ அந்த வாக்கியத்தைச் சொன்ன நாளில் இருந்து அவள் முகம் கண்முன் நின்றது. மகளோடு முதலிபாளையத்தில் இருக்கிறாள் என்று அப்பாவின் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கண்பார்வை குறைந்துவிட்டது. கத்தரிக்கோல் பிடித்த விரல் வளைந்தே நிற்கிறது. நான் நேராகச் சொல்லிவிட்டேன். "பாப்பாத்தி, உனக்கு நான் கம்மியாப் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன். அது தப்பு." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அதுக்கா அம்மிணி இவ்வளவு தூரம் வந்தீங்க? உடுங்க. நானும் கேட்டிருக்கோணும். கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு உட்டுட்டேனுங்க." நான் கொடுக்காததற்கு அவள் தன்மேல் பழி போட்டுக்கொண்டாள். என் சங்கடத்தை அவள் யோசித்திருக்கிறாள். நான் அவளுடையதை யோசிக்கவில்லை.

காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவளே உன்னைப் பற்றி ஆரம்பித்தாள். "நம்ம தம்பி இங்க ஆபீஸ் போடறாருங்களாமா? நோட்டீஸ் பாத்துட்டு எம்பேத்தி சொன்னா. அவ காலேஜுக்குப் போறாளுங்க, ஊட்டுக்கு நெட்டு வேணும்ங்கறா. வேற ஒருத்தன் வந்து கேட்டான். வேண்டாம் போப்பா, எங்க தம்பி வருதுன்னு சொல்லிட்டேனுங்க." பேத்தி உள்ளே இருந்து, "ரேட்டு என்னன்னு விசாரிங்க அம்மாயி, சும்மா போட்டுக்கறதா?" என்றாள். பாப்பாத்தி அவளை அதட்டினாள். "பேசாம இரு. கம்பஞ்சோறு உருட்டிக் குடுத்த கையி இது. அவருகிட்ட ரேட்டுக் கேக்கச் சொல்றியா?" நான் டம்ளரைக் கீழே வைத்தேன். உன் அழைப்பிதழில் இருக்கிற அதே வெள்ளிக்கிழமை, வாசல் திறந்ததும் பாப்பாத்தி உன் கவுண்டருக்கு வருவாள். புதுப் புடவை கட்டிக்கொண்டு வருவாள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். நீ எவ்வளவு சொல்கிறாயோ அதைக் கொடுப்பாள். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். ஒரே பெண்ணிடம் நம் வீடு இரண்டாம் முறையும் அதையே செய்யப்போகிறதா என்பது உன் கையில் இருக்கிறது.

நான் உன்னிடம் கேட்பது பெரிதல்ல. வாசலில் ஒரு தாள் ஒட்டு. தமிழில் எழுது, கீழே ஹிந்தியிலும் எழுது. அந்தத் தொழிற்பேட்டையில் பாதிப் பேர் பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்தவர்கள். அவர்கள் கேட்கவும் கூச்சப்படுவார்கள், என்ன கேட்பது என்றும் தெரியாது. எடுத்ததும் எவ்வளவு, மாதம் எவ்வளவு, நிறுத்தினால் எவ்வளவு, அறுந்தால் எத்தனை மணி நேரம் என்று எழுது. சித்திக்கும் அதே தாள், ஹாஜிராவுக்கும் அதே தாள், பாட்னாக்காரனுக்கும் அதே தாள். எழுபத்தைந்து ரூபாய் பராமரிப்பு உனக்கு உண்மையிலேயே ஆகிறது என்றால் அதையும் எழுது. மறைக்காமல் வாங்கினால் அதில் தப்பில்லை. லோன் கட்டவேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் போடவேண்டும், எனக்கும் தெரியும். நானும் சனிக்கிழமைதோறும் சம்பளம் போட்டவள்தான். கூலியில் மிச்சம் பிடித்த அந்தக் காசில்தான் நாம் பிழைத்தோம் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், பாப்பாத்தி போன பிறகு நம் கம்பெனியில் அவ்வளவு சுத்தமாகப் பிசிறு வெட்ட ஆளே கிடைக்கவில்லை. ஆர்டர் கொடுத்த பையர் திருப்பி அனுப்பிய பெட்டிகளை நீயும்தான் எண்ணினாய்.

இனி, வெள்ளிக்கிழமை நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கத்தக் கூடாது. ஒன்பது மணிக்கு வருவேன். அப்பா வாங்கிக்கொடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வருவேன். விளக்கு ஏற்றுவேன். போட்டோ எடுப்பவன் சிரிக்கச் சொன்னால் சிரிப்பேன். அதற்குப் பிறகு மாலையும் சால்வையும் எனக்கு வேண்டாம். நேராகக் கவுண்டருக்கு முன்னால் போய் நிற்பேன். சித்தி இருப்பாள், ஹாஜிரா இருப்பாள், மூலனூரில் இருந்து பங்காளிகள் எல்லாரும் வந்திருப்பார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி, "ஏனுங்க, என்ன ரேட்டுங்க?" என்று உன்னைக் கேட்பேன். பெற்ற தாயே கேட்ட பிறகு மற்றவர்களுக்குக் கேட்க என்ன வெட்கம்? நீ முகம் சுளிக்காமல், மேலே இருந்து கீழே வரை, எதையும் விடாமல் சொல். தாளைப் பார்த்து நான் கூட்டிக்கொள்கிறேன். சரியாக வந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டுப் பணத்தைக் கட்டி, நம் வீட்டுச் சுவருக்கு உன் ஒயரை மறுபடி வாங்கிக்கொள்வேன். இலவசம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

சீக்கிரம் முடித்துவிடுவேன், பயப்படாதே. எனக்குப் பின்னால் வரிசையில் பாப்பாத்தி நிற்பாள்.

அன்புடன்,
அம்மா